அந்தப் பேரில் யாரும் இல்லை

என் வீட்டுக்காரர் சாமி ஆடுகிறவர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் தோட்டத்து ஜனங்கள் எங்களை ஏன் அந்தப் பாடு படுத்தினார்கள் என்று யாருக்கும் விளங்காது. பூண்டுலோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழா என்றால் அவர் மேல்தான் முனி இறங்கும். உடுக்குச் சத்தம் ஏறினால் போதும், அவர் கால் தரையில் நிற்காது. அப்புறம் குறி சொல்வார். பிள்ளை தங்காதவளுக்கு, மாடு காணாமல் போனவனுக்கு, ஊருக்குப் போன புருஷன் திரும்பாதவளுக்கு என்று எல்லாருக்கும் ஏதாவது ஒரு வார்த்தை இருக்கும். எங்களை வேலை வாங்குகிற பெரிய கங்காணியின் பேரப்பிள்ளை சாகக் கிடந்தபோது, "பொழைக்கும், போ" என்றார். பிழைத்தும் விட்டது. அப்படிப்பட்ட ஆள் திடீரென்று ஒரு நாள் வேதக்காரன் ஆகிவிட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? எனக்கே வந்தது.

இலங்கை சுதந்திரம் வாங்கி ஒன்றிரண்டு வருஷம் ஆகியிருக்கும். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிக் காலில் இறங்கி, ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க ஓர் உபதேசியார் வந்து வந்து ஜெபம் பண்ணுவாராம். இவர் சும்மா படுத்துக்கொண்டு கேட்டாராம். வீட்டுக்கு வந்ததும், "நான் இனிமே ஆட மாட்டேன் புள்ள" என்றார். கால் வலியால் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"ஏன், முனிக்கு உங்க மேல கோவமா?" என்று கேலியாகக் கேட்டேன்.

"ஆடும்போது நான் இருக்கறதே இல்ல. யாரோ என்னைய எடுத்துக்கிறாங்க. எழும்பிப் பாத்தா ஒடம்பு பூராக் காயம். இவரு அப்பிடி இல்ல. என்னையப் பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு."

யார் கூப்பிட்டது, எப்போது கூப்பிட்டது என்று நான் துருவவில்லை. அடுத்த வருஷம் டவுன் வேதக் கோயிலில் எங்கள் இரண்டு பேருக்கும் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். நான் அவருக்காகத்தான் போனேன், வயிற்றில் பிள்ளையோடு. தலையில் தண்ணீர் ஊற்றிப் புதுப் பேர் வைத்தார்கள். அவருக்கு வைத்தது வேதப் புஸ்தகத்தில் இருந்து எடுத்த நீளமான பேர். வாயில் நுழைய எனக்கு ஒரு மாதம் ஆயிற்று. அந்தப் பேரை நான் இங்கே எழுதப் போவதில்லை. பழைய பேரையும் எழுதப் போவதில்லை. இரண்டும் சேர்ந்து எனக்குச் செய்தது போதும்.

தோட்டத்தில் பேர் என்றால் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. காலையில் பெரட்டுக் களத்தில் போய் நின்று, கூப்பிடும்போது குரல் கொடுத்து, அன்றைக்கு முழு நாளும் வேலை செய்தால் செக்ரோல் என்கிற சம்பளப் புத்தகத்தில் அது ஒரு பேர். கொழுந்து குறைந்தாலோ, நேரம் பிந்தினாலோ, கங்காணிக்கு நம் முகம் பிடிக்காமல் போனாலோ அரைப்பேர். ஆளைத் தோட்டத்தை விட்டு நிறுத்தினால் பேர் வெட்டிவிட்டார்கள் என்போம். அதனால் மலையில் கொழுந்து எடுக்கும் பெண்கள், "புதுப் பேரு வாங்கிட்டு வந்தியாமே, முழுப்பேரா அரைப்பேரா?" என்று என்னைச் சீண்டினார்கள். "அரைப்பேருதான், மிச்சத்த அடுத்த வருசம் தாறாங்களாம்" என்று நானும் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்பெல்லாம் கொஞ்ச நாள்தான்.

அவருக்கு அது சிரிப்பு இல்லை. ஞானஸ்நானத்தன்று உபதேசியார், "உங்க பேரு பரலோகத்துல எழுதியாச்சு" என்று சொல்லியிருந்தார். எல்லாருக்கும் சொல்கிற வார்த்தைதான். இவர் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து செக்ரோலைத் தவிர வேறு புத்தகத்தில் தன் பேரைக் கண்டிராத மனுஷன். மேலேயும் ஒரு செக்ரோல் இருக்கிறது, அதில் புதுப் பேர்தான் பதிந்திருக்கிறது, அந்தப் பேருக்கு நான் ஆள் இல்லை என்று ஒரு தடவை வாயால் சொல்லிவிட்டால் அங்கே வெட்டிவிடுவார்கள். இதுதான் அவருக்கு விளங்கிய வேதம். உபதேசியார் பதறிப்போய், "அப்பிடி இல்லப்பா, ஆண்டவருக்கு ஒன்னைய எந்தப் பேர்லயும் தெரியும்" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தார். இவர் பணிவாகத் தலையை ஆட்டுவார். வீட்டுக்கு வந்து, "உபதேசியாரு ஒரு நாளாவது பெரட்டுக்கு நின்னிருக்காரா? அவருக்கு எங்க தெரியும்" என்பார்.

தோட்டத்துச் செக்ரோலில் பேரை மாற்றச் சொல்லி ஆபீசுக்குப் போய்க் கேட்டார். பெரிய கிளாக்கர் சிரித்து அனுப்பிவிட்டார். பெரட்டில் பழைய பேரைக் கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் முன்னால் போய் நிற்பார். "ஏன்டா, நாக்குச் செத்துப் போச்சா?" என்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு திட்டுவார். அப்போதும் வாயைத் திறக்க மாட்டார்.

மகள் பிறந்தபோதுதான் வினை வந்து சேர்ந்தது. பெரிய கிளாக்கர் லீவில் இருந்தார். புதிதாக வந்த சின்ன கிளாக்கர் பிறப்புப் பதிய உட்கார்ந்திருந்தார். தகப்பன் பேர் என்ன என்று கேட்டதும் இவர் புதுப் பேரைச் சொல்லிவிட்டார். அந்தப் பையனும் எழுத்துக் கூட்டிக் கேட்டு அழகாக எழுதிவிட்டான். வீட்டுக்கு வரும்போது இவருக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. "பாத்தியா, நம்ம புள்ளதான் மொதல்ல என் பேர எழுத வச்சிச்சு" என்று அந்தத் துண்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. மூன்றாம் வகுப்புவரை படித்த நான்தான் வாசித்துக் காட்டினேன்.

அந்த வருஷத்துத் திருவிழாவில் கரகம் இறங்கி வந்தது, உடுக்கு அடித்தார்கள், யார் மேலும் சாமி வரவில்லை. வேறு இரண்டு பேர் ஆடிப் பார்த்தார்கள். அது பொய் ஆட்டம் என்று சின்னப் பிள்ளைகளுக்கே தெரிந்தது. அந்த மாதம் ஆலங்கட்டி மழை பெய்து வீட்டுக்கூரைகளைப் பொத்தல் பண்ணிவிட்டுப் போனது. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில், லயத்துக் கோடியில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி செத்துப்போனாள். எல்லாம் எங்களால்தான் என்று ஆயிற்று. மலைத் தண்ணீர் விழுகிற பீலியில் தண்ணீர் பிடிக்க நான் குடத்தோடு போனால், மற்றவர்கள் எல்லாரும் பிடித்து முடியும்வரை ஓரமாக நிற்க வேண்டும். முடிந்த பிறகும், "பாத்திரம் கழுவணும், இரு" என்பார்கள். எங்கள் ஒற்றை அறைக் காம்பரா வாசலில் இருந்த பூசணிக் கொடியை வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். போட்டவள் மறுநாள் மலையில் எனக்குப் பக்கத்து நிரையில் நின்று, யாருக்கும் கேட்காமல், "கோவிச்சுக்காத, எங்க வீட்டுக்காரரு பிடுங்கச் சொன்னாரு" என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் இல்லை. பயந்தவர்கள் என்னதான் செய்வார்கள்?

பிள்ளைக் காம்பராவில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அங்கேதான் வேலைக்குப் போகிற தாய்மார் பிள்ளைகளைத் தொட்டிலில் விட்டுவிட்டுப் போவோம். அங்கே இருந்த ஆயா, பெரிய கங்காணிக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. என் மகளைக் கொண்டுபோய் நீட்டினால் கையை நீட்ட மாட்டாள். "தொட்டில் இல்லம்மா" என்பாள். ஆறு தொட்டில் வெறுமையாக ஆடிக்கொண்டிருக்கும். நான் பிள்ளையை மலைக்கே தூக்கிப் போனேன். தேயிலைச் செடி இரண்டுக்கு நடுவில் சாக்கை விரித்து, மேலே இன்னொரு சாக்கைக் குடை மாதிரிக் கட்டிப் போட்டுவிட்டு நிரை பிடிப்பேன். மழைக்காலத்தில் அது எந்த மூலைக்கு? பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி இழுக்க ஆரம்பித்தது. மூச்சு விடும்போது விலா எலும்பு உள்ளே போய் வரும். அதைப் பார்த்துக்கொண்டு கொழுந்து எடுக்க முடியுமா? எடுத்தேன். அரைப்பேர்தான் போட்டார்கள்.

அந்த நாட்களில் நான் ஜெபம் பண்ணினேன் என்று சொன்னால் அது பொய். சண்டை பிடித்தேன். ஆண்டவரே, இந்த உலகத்தில் உமக்கு வேறு ஆளே கிடைக்கவில்லையா, எழுத்தறியாத ஒரு கவ்வாத்துக்காரனைப் பிடித்துப் பேர் வைக்காவிட்டால் உமக்கு என்ன குறைந்து போயிற்று, பேர் வைக்கத் தெரிந்த உமக்கு என் பிள்ளைக்கு ஒரு தொட்டில் வாங்கித் தரத் தெரியாதா என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் பக்கத்தில் முழங்காலில் நின்று கங்காணிக்காகவும் ஆயாவுக்காகவும் வரிசையாக வேண்டிக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சலாக வரும். "மொதல்ல புள்ளைக்காக வேண்டுங்க" என்று முதுகில் ஓர் இடி இடிப்பேன்.

மகளுக்கு நடை வந்த வருஷம், திருவிழாவன்று ஏழெட்டு ஆம்பிளைகள் வந்து அவரைக் காம்பராவில் இருந்து இழுத்துக்கொண்டு போனார்கள். பட்டப்பகல். கோயில் முற்றத்தில் நிறுத்தி மஞ்சள் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, கையில் வேப்பிலையைத் திணித்து, காதுக்குப் பக்கத்தில் உடுக்கு அடித்தார்கள். நான் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் அவர் கால் பெருவிரல் துடித்தது. அப்புறம் முழங்கால். எனக்கு அந்த நடுக்கம் தெரியும், பத்து வருஷமாகப் பார்த்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்துவிடட்டும் என்றுதான் எனக்கு இருந்தது. ஒரே ஒரு தடவை ஆடித் தொலைந்தால் பீலியும் தொட்டிலும் திரும்பக் கிடைக்குமே என்று நினைத்தேன். அவர் தன் கையைத் தூக்கி வாயில் வைத்துக் கடித்தார். மணிக்கட்டுக்குக் கீழே சதை பிய்ந்து இரத்தம் முழங்கைவரை வழியும் மட்டும் விடவில்லை. கால் நின்றுவிட்டது. உடுக்கு அடித்தவர் பயந்துபோய் நிறுத்திவிட்டார். பெரிய கங்காணி மட்டும் அழுதார். "எங்கள இப்பிடி அனாதையா விட்டுட்டியேடா" என்றார். அந்தக் கிழவர் நடிக்கவில்லை.

இதற்கு நடுவில்தான் பிரஜாவுரிமைப் பேச்சு வந்தது. நாங்கள் இந்த நாட்டு ஜனம் இல்லை என்று சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே இத்தனை வருஷம் இருந்ததைக் காகிதத்தோடு காட்டினால் பிரஜை, இல்லாவிட்டால் ஒரு நாள் இந்தியாவுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார்கள். நான் இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. அவரும் இல்லை. எங்கள் விண்ணப்பம் போய், இரண்டு மூன்று வருஷம் கழித்து நுவரெலியாக் கந்தோருக்கு விசாரணைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. கடிதத்தைப் பார்த்த பெரிய கிளாக்கர் தலையில் கை வைத்துக்கொண்டார். செக்ரோலில் ஒரு பேர். மகளின் பிறப்புக் காகிதத்தில் தகப்பன் என்று இன்னொரு பேர். "ரெண்டு பேரா இருக்கே, ஒரு ஆளுன்னு எப்பிடி நம்புவாங்க? கள்ளப் பேர்ல வந்த ஆளுன்னு தள்ளிருவாங்க. மூணு பேருக்கும் இல்லாமப் போயிரும்" என்றார். ஒரே வழிதான் இருக்கிறது என்றார். புதுப் பேர் எனக்கு இல்லை, சின்ன கிளாக்கர் பிழையாக எழுதிவிட்டார் என்று என் வீட்டுக்காரர் சொல்ல வேண்டும். அதைப் பெரிய கங்காணி சாட்சி சொல்லி உறுதிப்படுத்த வேண்டும்.

ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லச் சொல்லி நான் என் வீட்டுக்காரர் காலில் விழுந்தேன். கெஞ்சினேன், திட்டினேன், பிள்ளையைத் தூக்கி மடியில் போட்டேன். "அதச் சொல்ல முடியாது புள்ள. வேற என்ன வேணாச் சொல்லு, செய்யிறேன்" என்றார். "வேற ஒண்ணும் வேணாம், போங்க" என்றேன்.

பிறகு அவருக்குத் தெரியாமல் பெரிய கங்காணி வீட்டுக்குப் போனேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். "ஏம்மா, நான் என்ன கொலகாரனா? என் பேரன் அவன் வாக்கால பொழச்சவன். அவன் ஆடாம எனக்கு ஒரு தெருவிழாவா? வார தெருவிழாவுல ஒரு தடவ வந்து ஆடச் சொல்லு. கந்தோருக்கு வந்து நீ சொல்றத நான் சாச்சி சொல்றேன். புள்ளையையும் நாளைக்கே பிள்ளைக் காம்பராவுல விடு" என்றார். நான் சரி என்றேன். என் வீட்டுக்காரரைக் கேட்காமலே சரி என்றேன்.

நுவரெலியாவில் அன்றைக்குக் குளிர் ஊசியாகக் குத்தியது. விசாரணை ஐயா மேசைக்குப் பின்னால் இருந்தார், பக்கத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள். பிறப்புக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "இந்தத் தகப்பன் யாரு?" என்றார்கள்.

"அது நான்தாங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப செக்ரோல்ல இருக்கிற ஆளு?"

"அதுவும் நான்தாங்க. ஆனா அந்த ஆளு இப்ப இல்லைங்க."

தமிழில் சொல்ல வந்தவர் அதை எப்படிச் சொன்னாரோ, விசாரணை ஐயாவின் முகம் கறுத்துவிட்டது. பேனாவை மூடினார். அந்த மூடியின் சத்தம் எனக்குக் கேட்டது. நான் எழும்பிவிட்டேன். "ஐயா, அவருக்கு அப்பப்ப புத்தி தடுமாறுங்க. சாமி ஆடுற ஆளுங்க. அவர வெளிய இருக்கச் சொல்லுங்க, நான் சொல்றேன்" என்றேன். பெரிய கங்காணியும் ஆமாம் என்று தலையாட்டினார். என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார்.

நான் சொன்னதை அவர்கள் எழுதி, எனக்கு வாசித்துக் காட்டினார்கள். என் புருஷனின் பேர் செக்ரோலில் உள்ளதே. பிறப்புக் காகிதத்தில் இருப்பது கிளாக்கர் செய்த பிழை. அந்தப் பேரில் யாரும் இல்லை. கீழே கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துப் போடத் தெரியும் என்ற பெருமை வேறு எனக்கு. பெரிய கங்காணி அதற்குக் கீழே தன் கையெழுத்தை வைத்தார். வெளியே வந்தபோது என் வீட்டுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து மகளின் காலைத் தன் கைக்குள் வைத்துச் சூடேற்றிக்கொண்டிருந்தார். "என்ன சொன்ன?" என்றார். "சரியாப் போச்சு" என்றேன்.

பிறகு மகள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனாள். பீலியில் எனக்கு இடம் விட்டார்கள். பல மாதம் கழித்துப் பிரஜாவுரிமைக் காகிதம் வந்தது, மூன்று பேருக்கும். நான் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அவர் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். பழைய பேரைக் கேட்டதும், "இது எப்பிடி வந்திச்சு?" என்றார். மறைக்க எனக்குத் தெம்பு இல்லை. கந்தோரில் சொன்னதையும், கங்காணிக்குக் கொடுத்த வாக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன்.

"அந்தப் பேருல யாருமே இல்லன்னா சொன்ன?"

"ஆமா. நீங்க சொல்ல மாட்டேன்னீங்க, நான் சொன்னேன். புள்ளைக்காகச் சொன்னேன்."

அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவர் அடுப்புக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அந்தக் காகிதத்தை அவர் ஒரு தடவையும் கையால் தொடவில்லை. திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்பளியைச் சுருட்டினார். வலப்பனைப் பக்கம் மரக்கறித் தோட்டத்தில் மூட்டை தூக்க ஆள் தேடுகிறார்களாம், திருவிழா முடிந்ததும் வருகிறேன் என்றார்.

"வாக்குக் குடுத்திருக்கேன். நீங்க போனா என் மூஞ்சிய எங்க வைக்கிறது?"

"நான் இங்க இருந்தா ஆடிருவேன் புள்ள. போன தடவ பாத்தீல்ல. காலு என் பேச்சக் கேக்காது."

காகிதத்தையாவது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகச் சொன்னேன். ஞானஸ்நானக் காகிதம் ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். "போங்க, அதக் கொண்டுபோய் ஒங்க ஆண்டவர்ட்ட காட்டுங்க, கஞ்சி ஊத்துவாரு" என்று கத்தினேன். அவர் படியிறங்கிப் போகும்போது என் வாயில் இருந்து வந்தது அதுதான். அதற்குப் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன்.

திருவிழா முடிந்து ஒரு வாரமாகியும் அவர் வரவில்லை. எங்கள் தோட்டத்து ஆள் ஒருவர் வலப்பனைச் சந்தையில் கண்டதாகச் சொன்னார். காகிதம் இல்லாத ஆட்களை, இந்தியாவில் இருந்து களவாக வந்த கள்ளத்தோணி என்று பொலிஸ் பிடித்ததாம், இவரையும் ஜீப்பில் ஏற்றிப் போனதாம். நான் பிரஜாவுரிமைக் காகிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு, மகளை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வழி நெடுக நான் வேண்டினேன். அன்றைக்குச் சண்டை பிடிக்கவில்லை. எப்படியாவது விட்டுவிடச் சொல்லும், எப்படியாவது, எப்படியாவது என்று அந்த ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

பொலிஸ் ஸ்டேசனில் இருந்த சார்ஜன் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசினார். கெட்ட மனுஷன் இல்லை. மகளுக்கு உட்கார வாங்கில் இடம் காட்டினார். "'நம மொகத', பேர் என்னன்னு கேட்டா இந்தப் பேரச் சொல்றான்" என்று புதுப் பேரை எனக்கு வாசித்தார். "தோட்டத்துல கேட்டேன், அப்பிடி ஆள் இல்லங்கிறாங்க. எனக்கு ஒரு புள்ள இருக்கு, அதுட காயிதத்துல என் பேர் இருக்குன்னு அழுதான். பாவம்னு நுவரெலியாவுக்கு எழுதிக் கேட்டேன். இதுதான் வந்திச்சு." அவர் ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். கீழே என் கையெழுத்து இருந்தது.

முந்தானை முடிச்சில் இருந்த என் கை அப்படியே நின்றுவிட்டது.

"நல்லாக் கேளும்மா" என்றார் சார்ஜன். "இவன் ஒன் புருஷன்னா நீ எழுதிக் குடுத்தது பொய். பொய் சொல்லி வாங்கின காயிதம் செல்லாது. ஒனக்கும் போயிரும், இந்தப் புள்ளைக்கும் போயிரும், மூணு பேரையும் கப்பல் ஏத்துவாங்க. ஒன் புருஷன் இல்லன்னா நீ வந்த வழியே போகலாம். இன்னொரு வழியும் இருக்கு. என் பேர் இதுதான்னு, செக்ரோல்ல உள்ள பேர அவனே சொல்லட்டும். நான் இப்பவே விட்டுர்றேன்."

அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். தாடி வளர்ந்திருந்தது. கடித்த கையில் தழும்பு தெரிந்தது. சார்ஜன் அவரிடமும் அதையே சொன்னார். பழைய பேரை அவரே எடுத்துக் கொடுத்தார். பிள்ளைக்கு வார்த்தை சொல்லிக் கொடுப்பதுபோல் இரண்டு தடவை சொன்னார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"அது என் பேரு இல்லைங்க" என்றார்.

எனக்குள் ஏதோ ஒன்று அறுந்தது. கோபமா என்றால் கோபம் இல்லை. இந்த ஆள் இவ்வளவு பாடுபட்டுக் காப்பாற்றுகிற ஒன்றை நான் ஒரு கையெழுத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறேன். காகிதம் போனால் போகட்டும், கப்பல் என்றால் கப்பல், மூன்று பேருமே போவோம், உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாக எனக்குப் பயம் இல்லை. நான் வாயைத் திறந்தேன். "ஐயா, இவரு என்..."

"இந்தம்மா யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார் அவர்.

சத்தமாகச் சொன்னார். பெரட்டில் ஒரு நாளும் குரல் கொடுக்காத மனுஷன். சார்ஜன் நிமிர்ந்து பார்த்தார்.

"நல்லாப் பாத்துச் சொல்லு."

"தெரியாதுங்க. நான் பாத்ததே இல்ல. எனக்குக் குடும்பம் இருக்குன்னு சொன்னது பொய்யிங்க, விட்டுருவீங்கன்னு சொன்னேன்."

தன் உயிர் போனாலும் ஒரு பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவர். என் மகள் வாங்கில் இருந்து இறங்கி, "அப்பா" என்று கூப்பிட்டாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பேச நினைத்தேன். பேசினால் அவர் சொன்னது வீணாகிவிடும். பேசாவிட்டால் அவரை மட்டும் கப்பல் ஏற்றிவிடுவார்கள். மகளின் கையைப் பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

சார்ஜன் மடையன் இல்லை. எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "புள்ள அப்பான்னு கூப்பிடுதே" என்றார்.

"சின்னப் புள்ளதானுங்களே, தாடி வச்ச ஆளப் பாத்தா அப்பிடித்தான் கூப்பிடும்" என்றார் என் வீட்டுக்காரர்.

சார்ஜன் என் கையெழுத்து இருந்த தாளை மடித்து வைத்தார். பிறகு எழுதினார். எழுதி முடித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க போங்கம்மா, பஸ் போயிரும்" என்றார்.

நான் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். அவள் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி அழுதாள். பஸ் கிடைத்தது.